பங்குச் சந்தையின் நேரமும் விடுமுறையும்

சந்தை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஊர்ப்புறத்து வாரச் சந்தைதான். குறித்த கிழமையில், குறித்த இடத்தில், விற்பவரும் வாங்குபவரும் வந்து கூடுவார்கள். கத்தரிக்காய் கொண்டுவந்தவர் செவ்வாய்க்கிழமையும், அதை வாங்க வேண்டியவர் வியாழக்கிழமையும் வந்தால் வியாபாரம் நடவாது. ஓரிருவர் மட்டுமே வந்தாலும் நியாயமான விலை ஏற்படாது. பலரும் ஒரே வேளையில் கூடினால்தான், ஒருவர் கேட்கும் விலையை மற்றவர் அறிந்து, இருசாராருக்கும் பொருந்திய விலை ஒன்று உருவாகும். பங்குச் சந்தைக்கும் நேரம் வகுத்து வைத்திருப்பதன் அடிப்படைக் காரணம் இதுவே.

பங்கு என்பது ஒரு கம்பெனியின் உடைமையில் ஒரு சிறு பாகம். திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூருக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள காட்டுப்பள்ளியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் அமைத்த துறைமுகம் 2018-ஆம் ஆண்டில் அதானி துறைமுகக் கம்பெனியின் வசமாயிற்று. கப்பலுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். நள்ளிரவில் வந்தாலும் சரக்கை இறக்கத்தான் வேண்டும். அருகிலுள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் இரவு ஷிப்டு உண்டு. ஆனால் அந்தத் துறைமுகக் கம்பெனியின் பங்கை நள்ளிரவில் விற்க முடியாது. அது கைமாறுவது மும்பையில் உள்ள இரண்டு சந்தைகளில். ஒன்று 1875-இல் தோன்றிய பம்பாய்ப் பங்குச் சந்தை. மற்றொன்று 1994-இல் வியாபாரத்தைத் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தை.

சென்னையிலும் 1937 முதல் ஒரு பங்குச் சந்தை இருந்தது. கணிப்பொறி வந்து, நாடு முழுவதும் உள்ள தரகர்கள் மும்பைச் சந்தைகளுடன் நேரே இணைக்கப்பட்டபின் அதற்கு வேலை குறைந்தது. 2015-இல் அது அத்தொழிலிலிருந்து விலகிக்கொண்டது. ஆகையால் இன்று பொன்னேரியில் இருந்து பங்கு வாங்குகிறவரும் மும்பையின் கடிகாரத்தையும் மும்பையின் நாட்காட்டியையும் அறிந்திருக்க வேண்டியவராகிறார்.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.15 மணிக்குச் சாதாரண வியாபாரம் தொடங்கிப் பிற்பகல் 3.30 மணி வரை நடைபெறுவது வழக்கம். 2010-ஆம் ஆண்டுக்கு முன் காலை 9.55 மணிக்குத்தான் சந்தை திறந்தது. 2010 அக்டோபரில், 9 மணி முதல் 9.15 வரை ஒரு முன்னேற்பாட்டு நேரமும் சேர்க்கப்பட்டது. இதன் பயன் யாது? இரவில் எத்தனையோ செய்திகள் வருகின்றன. கதவு திறந்தவுடன் முதலில் நுழைந்தவர் சொன்னதே விலை என்றால் அது முறையாகாது. எனவே வாங்க விரும்புவோரும் விற்க விரும்புவோரும் கொடுத்த விலைகளை முதலில் திரட்டி, மிக அதிகமான பங்குகள் எந்த விலையில் கைமாறக்கூடுமோ அந்த விலையைத் தொடக்க விலையாக அமைக்கிறார்கள்.

அடுத்து விடுமுறைகள். சனி, ஞாயிறு நீங்கலாக, குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி முதலியவை நாடு முழுவதற்கும் பொதுவானவை. ஆனால் மே முதல் நாள் சந்தை மூடப்படுவது மகாராஷ்டிர மாநிலம் உதயமான நாள் என்பதால். நம் பொங்கலுக்கு அப்பட்டியலில் இடமில்லை; 2025 ஜனவரி 14-ஆம் நாள், தமிழ்நாட்டில் பொங்கல் பொங்கியபோது, மும்பையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு நாம் தீபாவளி கொண்டாடிய அக்டோபர் 20-ஆம் நாளும் சந்தை வழக்கம்போல் திறந்திருந்தது. மறுநாள் இலட்சுமி பூஜையை முன்னிட்டு விடுமுறை. அன்று ஒரு மணி நேரம் மட்டும் முகூர்த்த வியாபாரம் நடந்தது. 2024 பொதுத் தேர்தலில் தமிழ்நாடு வாக்களித்த ஏப்ரல் 19 அன்று சந்தைக்கு விடுமுறை இல்லை; மும்பை வாக்களித்த மே 20 அன்று விடுமுறை.

இதில் பாரபட்சம் உண்டோ என்று சிலர் ஐயுறலாம். விடுமுறை சந்தையின் இருப்பிடத்தைப் பொறுத்தது என்பதே விடை. பணம் பட்டுவாடா செய்யும் வங்கிகளும் சந்தையை நடத்தும் ஊழியர்களும் எங்கே இருக்கிறார்களோ, அந்த ஊரின் நாட்காட்டியே சந்தையின் நாட்காட்டியாகிறது. 2012 அக்டோபரில் சாண்டிப் புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது அந்நகரத்துப் பங்குச் சந்தையே இரண்டு நாட்கள் மூடப்பட்டது.

நம் பகுதியில் புயல் வந்தபோது என்ன நிகழ்ந்தது? 2023 டிசம்பர் 4-ஆம் நாள், திங்கட்கிழமை. மிக்ஜாம் புயலின் மழையால் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு அரசு பொது விடுமுறை அறிவித்திருந்தது. வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. மும்பையிலோ சந்தை குறித்த நேரத்தில் திறந்தது. முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் நான்கு மாநிலச் சட்டமன்றத் தேர்தல்களின் வாக்குகள் எண்ணப்பட்டன. அம்முடிவுகளைச் சந்தை சாதகமாகக் கருதியது. வெள்ளிக்கிழமை 67,481 புள்ளியில் நின்ற சென்செக்ஸ் என்னும் விலைக் குறியீடு திங்கள் மாலை 68,865 புள்ளிக்கு உயர்ந்துவிட்டது.

இந்த ஒரு நாளில் இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. சந்தை மூடியிருக்கும்போதும் உலகம் இயங்கிக்கொண்டேயிருக்கிறது. ஆதலால் மூடிய விலைக்கும் திறக்கும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழலாம். இஃது ஒன்று. சந்தை திறந்திருந்தும் நம்மால் அதனை அணுக முடியாத நாளும் வரலாம். இது மற்றொன்று. அன்று விலை ஏறியது; இறங்கியிருந்தால், மின்சாரமின்றி இருந்தவர் விற்க நினைத்தும் விற்க இயலாமல் தவித்திருப்பார்.

இனிப் பணம் கைக்கு வரும் நாளைக் கணக்கிட வேண்டும். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் வியாபாரம் நடந்த மறு வேலைநாளில் கணக்குத் தீர்க்கப்படுகிறது. ‘மறு நாள்’ அன்று, ‘மறு வேலைநாள்’ என்பதைக் கவனிக்க வேண்டும். 2026 ஜனவரி 23, வெள்ளிக்கிழமையன்று ஒருவர் பங்கை விற்றார் என்று வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை குடியரசு நாள். ஆகவே செவ்வாய்க்கிழமைதான் கணக்குத் தீரும். திங்களன்று மகனுடைய கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று அவர் எண்ணியிருந்தால் ஏமாந்துபோவார். சில நாட்களில் வியாபாரம் நடக்கும். கணக்குத் தீர்வு மட்டும் நடக்காது. சிவாஜி ஜயந்திக்காக மும்பை வங்கிகள் மூடப்பட்ட 2025 பிப்ரவரி 19 அத்தகைய நாள்.

அப்படியானால் சந்தையை எப்பொழுதும் திறந்து வைத்தால் என்ன? பகலில் ஆறே கால் மணி நேரத்தில் கூடும் கூட்டத்தை இருபத்துநான்கு மணிக்கும் பகிர்ந்தால், நள்ளிரவில் வாங்குவோர் அருகிவிடுவர். ஆள் இல்லாத சந்தையில் ஒரு சிறு விற்பனைகூட விலையைக் கவிழ்த்துவிடும். கணக்குகளைச் சரிபார்க்கவும், கம்பெனிகளின் அறிக்கைகளை நிதானமாகப் படித்துச் சிந்திக்கவும் மூடிய நேரம் உதவுகிறது.

மாணவர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்க பயன் எளியது. ஆண்டு பிறக்குமுன்பே சந்தைகள் தம் விடுமுறைப் பட்டியலை வெளியிட்டுவிடுகின்றன. தேர்தல் போன்ற காரணங்களால் இடையில் புதிய நாட்கள் சேர்வதும் உண்டு. வருங்காலத்தில் நீங்கள் பொருளீட்டிப் பங்கு வாங்கும்போது, வீட்டு நாட்காட்டியில் அந்நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் கட்டாயம் தேவைப்படும் பணத்தைப் பங்கில் போடாதீர்கள். அதை வங்கியிலேயே வையுங்கள். மழையோ விடுமுறையோ குறுக்கிட்டு நான்கு நாட்கள் சந்தைப் பக்கம் போக முடியாவிட்டாலும் குடும்பத்தின் செலவு தடைப்படாமல் நடக்குமானால், அவரே பங்கு வாங்குவதற்குத் தகுதி பெற்றவர்.