ஒரு ஆள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேம்: ஐ.ஜி.எப். விருதுகள்

டிஎக்ஸ்-பால் 2 விளையாடியிருக்கிறீர்களா? திரையின் அடியில் ஒரு மட்டை, மேலே வண்ண வண்ணச் செங்கற்கள், நடுவில் துள்ளும் பந்து. பந்து கீழே விழாமல் தட்டித் தட்டிச் செங்கற்களை உடைக்க வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்பில் சார் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் எல்லா மானிட்டரிலும் இதுதான் ஓடும். நான் இதை முதலில் பார்த்தது என் மாமா வீட்டு கம்ப்யூட்டரில். இந்த கேமை ஏதோ ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி செய்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பெரிய கம்பெனி இல்லை. 1998-ல் வெளிவந்த டிஎக்ஸ்-பால் 2, கனடாவைச் சேர்ந்த லாங்போ என்ற சின்ன நிறுவனத்தின் வேலை. மெக்நாலி குடும்பத்தினரே சேர்ந்து நடத்திய நிறுவனம் அது. புரோகிராம் எழுதுவதில் முக்கியமானவர் அந்த வீட்டுப் பையன் ஷேமஸ் மெக்நாலி. அவர் அடுத்து எழுதிய கேம் 'ட்ரெட் மார்க்ஸ்'. ராணுவ டாங்குகளை வைத்து நடத்தும் ரேஸ் அது. குண்டு விழுந்த இடத்தில் தரை நிஜமாகவே பள்ளமாகும். அந்தக் காலத்து வீட்டு கம்ப்யூட்டரில் இதை ஓட வைத்தது சாதாரண விஷயமில்லை.

2000-ம் ஆண்டு மார்ச் மாதம் ட்ரெட் மார்க்ஸ் ஒரு போட்டியில் முதல் பரிசு வாங்கியது. ஷேமஸுக்கு அப்போது நிணநீர்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. அதே மார்ச் 21-ம் தேதி அவர் இறந்துவிட்டார். வயது 21. அந்தப் போட்டியின் முதல் பரிசுக்கு அதன் பிறகு 'ஷேமஸ் மெக்நாலி கிராண்ட் பிரைஸ்' என்று பெயர் வைத்தார்கள். இன்றுவரை அந்தப் பெயர்தான்.

அந்தப் போட்டியின் பெயர் இன்டிபெண்டன்ட் கேம்ஸ் பெஸ்டிவல். சுருக்கமாக ஐ.ஜி.எப்.

இன்டிபெண்டன்ட் என்றால்?

சினிமாவில் பெரிய தயாரிப்பாளர் இல்லாமல், கையிலிருக்கும் காசைப் போட்டு நாலு பேர் சேர்ந்து படம் எடுப்பது உண்டு அல்லவா? கேம்ஸ் உலகிலும் அப்படித்தான். கடைகளில் பெரிய அட்டைப் பெட்டியில் விற்ற கேம்களுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான ஊழியர்களும் கோடிக்கணக்கான ரூபாயும் இருக்கும். பப்ளிஷர் எனப்படும் வெளியீட்டு நிறுவனம் 'இதைப் போடு, அதை எடு' என்று சொல்லும். அப்படி யாரும் சொல்லாமல், ஒருவரோ இருவரோ சின்னக் குழுவோ தங்கள் விருப்பப்படி செய்வதுதான் இன்டிபெண்டன்ட் கேம். செல்லமாக 'இண்டி கேம்' என்பார்கள். இண்டி என்றால் ஹிந்தி இல்லை. என் நண்பன் ஒருவன் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தான்!

இப்படிப்பட்ட சினிமாக்களுக்கு அமெரிக்காவில் சன்டேன்ஸ் திரைப்பட விழா இருக்கிறது. அதைப் பார்த்து, கேம்களுக்கும் ஒன்று வேண்டும் என்று 1998-ல் தொடங்கியதுதான் ஐ.ஜி.எப். முதல் விருதுகள் 1999-ல் கொடுக்கப்பட்டன. உலகமெங்கும் இருந்து கேம் தயாரிப்பாளர்கள் கூடும் 'கேம் டெவலப்பர்ஸ் கான்பரன்ஸ்' என்ற மாநாட்டின் ஒரு பகுதியாக, சான் பிரான்சிஸ்கோ நகரில் பொதுவாக மார்ச் மாதம் இது நடக்கிறது. கொரோனா வந்த 2020-ல் மாநாடு தள்ளிப்போனதால் விருதுகளை இன்டர்நெட்டில் ஒளிபரப்பினார்கள்.

கேமை செய்தவர் ஒரு கட்டணம் செலுத்தி அனுப்ப வேண்டும். நடுவர்களில் பெரும்பாலோர் இதே தொழிலில் இருப்பவர்கள். அவரவர் இடத்திலிருந்தே விளையாடிப் பார்த்துக் கருத்து எழுதுவார்கள். பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் குழு உட்கார்ந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்வு செய்யும். படம், ஒலி, கதை, வடிவமைப்பு, மாணவர் கேம் என்று பல பிரிவுகள். 'நுவோவோ' என்று ஒரு பிரிவு உண்டு. 'இதெல்லாம் ஒரு கேமா?' என்று கேட்கத் தோன்றும் விசித்திரங்களுக்கான விருது அது. எனக்குப் பிடித்த பிரிவும் அதுதான்.

குறை இல்லாத போட்டி இல்லை. சில நடுவர்கள் தங்கள் கேமைத் திறந்தே பார்க்கவில்லை என்று 2012-ல் ஒரு குழு வெளிப்படையாகச் சண்டை போட்டது. 'பெஸ்' என்ற கேம் 2008-ல் படத்துக்கான விருது வாங்கிவிட்டு, 2012-ல் மறுபடி வந்து கிராண்ட் பிரைஸையும் வாங்கிக்கொண்டு போனபோது பலர் முகம் சுளித்தார்கள். நூற்றுக்கணக்கான கேம்கள் வந்து குவியும்போது எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு பார்க்க மனிதர்களால் முடியுமா என்பது நியாயமான கேள்விதான்.

பரிசு என்ன செய்யும்?

2011-ல் கிராண்ட் பிரைஸ் வாங்கிய கேம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். மைன்கிராப்ட்! ஸ்வீடனில் மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009-ல் ஜாவா மொழியில் தனியாக எழுதத் தொடங்கியது. பரிசு வாங்கியபோது கேம் முழுமையடையக்கூட இல்லை. பரிசுத் தொகை 20,000 டாலர். 2014-ல் மைக்ரோசாப்ட் அந்தக் கம்பெனியை வாங்கக் கொடுத்தது 250 கோடி டாலர்.

இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இதை வைத்து ஐ.ஜி.எப்.பை எடை போடக்கூடாது என்பது என் கருத்து. மைன்கிராப்ட் அந்த மேடைக்கு வருவதற்கு முன்பே லட்சக்கணக்கில் விற்றிருந்தது. பரிசு இல்லாவிட்டாலும் அது ஜெயித்திருக்கும். பரிசின் அருமை தெரிய வேண்டுமானால் யாரும் கவனித்திருக்க மாட்டாத கேம்களைப் பார்க்க வேண்டும்.

2013-ல் வென்ற 'கார்ட் லைப்' அப்படி ஒன்று. ரிச்சர்ட் ஹாப்மயர் என்பவர் செய்தது. கருப்பு வெள்ளையில் புள்ளி புள்ளியான படங்கள். நீங்கள் ஒரு தெருவோர வியாபாரி. பேப்பரோ காபியோ விற்க வேண்டும். வாடகை கட்ட வேண்டும், வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும், நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளருக்குச் சில்லறை எண்ணித் தருவதுகூட நீங்கள்தான் செய்ய வேண்டும். சுடுவது, குதிப்பது எதுவும் கிடையாது.

கிராண்ட் பிரைஸ் வாங்கிய ஹாப்மயர் என்ன செய்தார் தெரியுமா? மாநாட்டில் தன் கேமுக்கு ஒதுக்கியிருந்த ஸ்டாலில் ஸ்பிரே பெயின்டால் 'ஹௌலிங் டாக்ஸ்' என்று பெரிதாக எழுதினார். அது போர்பென்டைன் என்ற புனைபெயரில் எழுதுபவரின் கேம். தன் கேமை எடுத்துவிட்டு, அந்த கேமைக் கம்ப்யூட்டரில் ஓட விட்டார். கூட்டமெல்லாம் வந்து அதை விளையாடிப் பார்த்தது. ஒரு வருடம் கழித்து 2014-ல், கார்ட் லைப்பை விற்பனையிலிருந்து எடுத்து, அதன் சோர்ஸ் கோடையும் சேர்த்து இலவசமாகக் கொடுத்துவிட்டார். வெற்றி பெற்ற இடத்தை இன்னொருவருக்கு இப்படி விட்டுக் கொடுத்ததை நான் வேறு எந்த விருது விழாவிலும் கேள்விப்பட்டதில்லை.

2014-ல் வென்றது 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. லூகாஸ் போப் தனி ஒருவராகச் செய்தது. நீங்கள் ஒரு கற்பனை நாட்டின் எல்லையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. வருபவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். தேதி சரியா, போட்டோ பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் முழு கேமும். தப்பாக விட்டால் உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். வீட்டில் குடும்பம் பட்டினி கிடக்கும். கணவனின் பேப்பர் சரியாக இருக்கிறது, பின்னாலேயே வரும் மனைவியின் பேப்பர் சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்? மவுஸைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதே போப் 2019-ல் 'ரிட்டர்ன் ஆப் தி ஓப்ரா டின்' என்ற கேமுக்காக மறுபடி கிராண்ட் பிரைஸ் வாங்கினார். அதில் திரை முழுக்க இரண்டே நிறம், பழைய மெக்கின்டோஷ் கம்ப்யூட்டர் போல.

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சாப்ட்வேரில் ஒரு பட்டனை இடம் மாற்ற மூன்று பேர் கையெழுத்து வேண்டும். இவர் ஒரு ஆள் ஒரு நாட்டையே செய்துவிட்டார்.

இட்லித் தட்டும் கிராண்ட் பிரைஸும்

2024-ல் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்த ஆண்டு ஷேமஸ் மெக்நாலி கிராண்ட் பிரைஸ் வாங்கிய கேமின் பெயர் 'வெண்பா'. ஆமாம், நம் வெண்பாதான்! கனடாவின் டொரான்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு, அபி என்பவர் தலைமையில் செய்தது. 2023 ஜூலை 31-ல் வெளியானது.

1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். இவ்வளவுதான் கதை மாந்தர்கள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காத கஷ்டம், தமிழ் பேசக் கூச்சப்படும் பிள்ளை, அவன் சாப்பிடாமல் விட்ட சாப்பாடு என்று கதை போகும். நடுநடுவே நீங்கள் சமைக்க வேண்டும். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது, ஆனால் பல வரிகள் அழிந்து போயிருக்கும். எதை முதலில் போடுவது, எதை அப்புறம் போடுவது என்று மீதியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. பிறகு புட்டும் வரும்.

இதை எங்கள் வீட்டில் ஓட விட்டபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அம்மாவுக்கு கம்ப்யூட்டர் என்றால் கரண்ட் பில் போடும் விஷயம், அவ்வளவுதான். நான் இட்லித் தட்டுகளை மவுஸால் இழுத்து அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "டேய், குழி மேல குழி வராம மாத்தி வைடா, ஆவி எப்படி மேல போகும்?" என்றார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கேம் முழுவதும் ஒன்றரை மணி நேரம்கூட இருக்காது. கவின் வளர்ந்து அம்மாவுக்குப் பதில் எழுதாமல் இருக்கும் இடம் வந்ததும் என் அண்ணன் எப்போது கடைசியாக போன் செய்தான் என்று கேட்டார். அவன் இருப்பது துபாயில். அன்று ராத்திரியே பேச வைத்தோம்.

டாங்குகளின் ரேஸுக்குக் கொடுத்த அதே பரிசை இருபத்து நான்கு வருடம் கழித்து ஒரு சமையலறைக்குக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டுமே கனடாவில் ஒரு சின்னக் குழு செய்தவை.

உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா?

ஓடும். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்த கேம்களை நான் சொல்வதற்கு அதுவே முக்கியக் காரணம். பேப்பர்ஸ், ப்ளீஸ் போன்ற கேமுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் 2020-ல் வென்ற 'எ ஷார்ட் ஹைக்' வாங்குங்கள். ஒரு குட்டிப் பறவை போன் சிக்னல் கிடைப்பதற்காக மலை உச்சிக்குப் போகிறது. யாரையும் கொல்ல வேண்டாம், தோற்கவும் மாட்டீர்கள்.

வாங்குவதற்கு முன் 'திஸ் பிசி' மீது ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்டீஸ்' பார்க்கவும். அங்கே உங்கள் பிராசசர், ராம் அளவு தெரியும். கேமின் பக்கத்தில் கொடுத்திருக்கும் 'மினிமம்' அளவுடன் ஒப்பிட்டுக்கொள்ளவும். 'ஸ்டீம்' என்ற கடையில் ரூபாயிலேயே விலை இருக்கும். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 'கிராக்' போட்ட இலவச காப்பி எங்காவது கிடைக்கும். அதோடு வைரஸும் கிடைக்கும். தவிர, பெரிய கம்பெனிக்கு ஒரு காப்பி போனால் தெரியாது. ஒரே ஆள் செய்த கேமில் ஒவ்வொரு காப்பியும் அவர் வீட்டு அரிசி.

சரி, நாமே ஒரு கேம் செய்ய முடியுமா? ஹாப்மயர் ஸ்டாலில் ஓட விட்ட ஹௌலிங் டாக்ஸ், 'ட்வைன்' என்ற இலவச சாப்ட்வேரில் செய்தது. படமே வேண்டாம், எழுத்து மட்டும் போதும். படிப்பவர் கிளிக் செய்யும் வார்த்தையைப் பொறுத்துக் கதை வேறு வேறு திசையில் போகும். ட்வைனரி டாட் ஆர்க் தளத்தில் பிரவுசரிலேயே திறக்கலாம். புதிய கதை ஒன்றைத் தொடங்கினால் ஒரு சின்னக் கட்டம் வரும். அதை டபுள் கிளிக் செய்து தமிழ் யூனிகோடில் டைப் செய்யவும். 'கதவை [[திற]] அல்லது [[தட்டு]]' என்று இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டால் 'திற', 'தட்டு' என்று இரண்டு புதுக் கட்டங்கள் தானாக உருவாகும். அவற்றில் அடுத்ததை எழுதவும். பிரவுசரின் பழைய தகவல்களை அழித்தால் கதையும் போய்விடும் என்பதால், அவ்வப்போது 'பில்ட்' மெனுவில் 'பப்ளிஷ் டு பைல்' கொடுத்து ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கவும். கிடைப்பது ஒரே ஒரு எச்.டி.எம்.எல். பைல். பென் டிரைவில் போட்டு நண்பர் வீட்டுக்குக் கொண்டு போய் டபுள் கிளிக் செய்தால், இன்ஸ்டால் எதுவும் செய்யாமல் அங்கேயும் ஓடும்.