கத்தியும் உழைப்பும்: ஸ்கந்திநேவிய மரபு பற்றிய ஒரு குறிப்பு

ஸ்கந்திநேவியக் கத்திகளைப் பற்றி எழுதுவோருட் பலர், அவற்றின் எளிய வடிவத்தை வடபுல மக்களின் அழகுணர்வுக்குச் சான்றாகக் காட்டுவர். கருவியொன்றின் வடிவத்தை அதனைக் கையாண்டோரின் உழைப்பிலிருந்து பிரித்து நோக்குமிடத்து இத்தகைய முடிவுகளே கிட்டும்.

பின்லாந்தின் 'பூக்கோ'வை எடுத்துக்கொள்வோம். மரத்தைக் குறிக்கும் 'பூ' என்ற சொல்லோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவர். அதன் அலகின் பக்கங்கள் ஏறத்தாழ நடுவிலிருந்து ஒரே சரிவாக வாய்வரை இறங்குகின்றன. வாயையொட்டி இரண்டாவது சரிவு கிடையாது. அச்சரிவைக் கல்லிற் படியவைத்தாற் போதும், தீட்டவேண்டிய கோணம் தானே அமைந்துவிடும். காட்டில் வேலைசெய்பவன் பிறர் உதவியின்றித் தன் கத்தியைக் கூராக்கிக்கொள்ளலாம். மரத்தைச் செதுக்குகையிலும் அதே சரிவு அலகுக்கு வழிகாட்டியாகிறது. இரும்புக் காம்பு பேர்ச் மரப் பிடிக்குள் மறைந்திருப்பதனால் உறைகுளிரில் உலோகம் உள்ளங்கையிற் படுவதில்லை. கைக்காப்பு இல்லாமையும் செதுக்கற் கருவி என்பதன் விளைவே. (19ஆம் நூற்றாண்டில் ஒஸ்திரொபொத்னியாவின் கத்திச் சண்டியர்கள் அதனை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியமை தனிக்கதை.)

அலகு சிறிதாயும் மெல்லியதாயும் இருத்தற்குக் காரணம் அதனருகே எப்போதும் கோடரி இருந்தமையே. பிளப்பது கோடரியின் வேலை. செதுக்குவது கத்தியின் வேலை. கலைமான் மேய்த்த சாமி மக்களோ சிறு கத்தியோடு, கிளைகளையும் எலும்பையும் வெட்டத்தக்க பெரிய கத்தியொன்றையும் வைத்திருந்தனர். வாழ்நிலை வேறுபட்டவிடத்துக் கருவியும் வேறுபட்டது.

சுவீடனின் டலார்னாப் பகுதியிலுள்ள மோரா இன்னும் தெளிவான உதாரணமாகும். அங்கு நிலம் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கிடப்பட்டு வந்தமையாற் காணிகள் துண்டுதுண்டாயின. விவசாயத்தால் மட்டும் வாழவியலாத குடும்பங்கள் கைத்தொழிலையும் பருவகாலக் கூலிவேலையையும் நாடின. மோராக் கத்தியின் பிறப்பிடம் இந்த நிலத்தட்டுப்பாடே என்பது மனங்கொள்ளத்தக்கது. அமெரிக்காவில் வேலைசெய்து திரும்பிய புரோஸ்ட் எரிக் எர்சன் 1891இல் ஒஸ்ட்னோர்க் கிராமத்திலே தொடங்கியது மரம் இழுக்கும் சறுக்குவண்டிகளுக்கான தொழிற்சாலை. கத்தி அதன் துணையுற்பத்தி. 1912இல் அதே கிராமத்தில் மற்றொரு கத்தித் தொழிற்சாலை எழுந்தது. இவ்விரு நிறுவனங்களும் 2005இல் ஒன்றாயின.

இன்றைய 'வெளிக்களக் கத்தி' இம்மரபின் நேர்வாரிசாக விளம்பரப்படுத்தப்படுகின்றது. அதன் தடித்த அலகு, முதுகில் மரக்கட்டையால் அடித்து விறகு பிளப்பதற்கும் தாங்கும். ஓய்வுக்காகக் காட்டுக்குச் செல்பவன் கோடரியைச் சுமப்பதில்லை; ஆதலாற் கத்தி கோடரியின் வேலையையும் ஏற்கவேண்டியதாயிற்று. 1995இல் சுவீடன் விமானப்படை ஏற்றுக்கொண்ட பால்க்னிவன் எப்1 விமானிகளின் உயிர்காப்புத் தேவைக்காக வடிவமைக்கப்பட்டு, ஜப்பானிற் செய்விக்கப்பட்டது. நல்ல கத்திதான், ஆயின் அதன் வடிவத்தைத் தீர்மானித்தது செதுக்குபவனின் கையன்று.

மரபை விரும்புவோர் சிலர் பிளாஸ்டிக் பிடி பொருத்திய மலிவான மோராக் கத்தியை இழிவாக நோக்குவர். நாம் இதனோடு உடன்படுவதற்கில்லை. சுருள்ரேகை பேர்ச் பிடியுடன் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்ட பூக்கோ விலையுயர்ந்த காட்சிப் பண்டமாகிவிட்டது. தச்சனும் மின்தொழிலாளியும் இடுப்பிற் செருகி, தேய்ந்ததும் வேறொன்று வாங்கும் அந்தப் பிளாஸ்டிக் கத்தியிலே பழைய சரிவும் மெல்லிய அலகும் அப்படியே இருக்கின்றன.