முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன்: அரிப்பு, வாந்தி, தலைவலி வந்தால் என்ன செய்வது? எது ஆபத்து?

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து அப்பாவை வார்டுக்கு கொண்டு வந்தாச்சு. வலி இல்லை என்கிறார். ஆனால் மூக்கையும் முகத்தையும் சொறிந்துகொண்டே இருக்கிறார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையோ என்று வீட்டில் உள்ளவர்கள் பதறுவார்கள். உண்மையில் என்ன நடக்கிறது?

முதுகு ஊசியில் என்ன இருக்கிறது?

தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் உணர்வு இருக்காது. ஆபரேஷனுக்குப் பிறகும் வலி தெரியாமல் இருக்க, பல நேரங்களில் மிகச் சிறிய அளவு மார்பினும் சேர்ப்பார்கள். 0.1 முதல் 0.2 மில்லிகிராம்தான். ஆனால் அதன் பலன் ஏறக்குறைய ஒரு நாள் வரை நீடிக்கும். பக்கவிளைவுகளில் பலவும் இதனால்தான் வருகின்றன.

அரிப்பு, வாந்தி, சிறுநீர் பிரச்னை

அரிப்பு: பெரும்பாலும் அலர்ஜி கிடையாது. நரம்பில் மார்பின் செய்யும் வேலை. அதனால் வழக்கமான அலர்ஜி மாத்திரை பெரிதாகக் கேட்காது. இதற்கென வேறு மருந்துகள் உண்டு. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் மட்டும் அது அலர்ஜியாக இருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

வாந்தி: ஒண்டான்செட்ரான் போன்ற ஊசி உதவும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கலாமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சிறுநீர்: பை நிறைந்தாலும் உணர்வு தெரியாது. பல மணி நேரமாகப் போகவில்லை, அடிவயிறு கனமாக இருக்கிறது என்றால் சொல்லிவிட வேண்டும். டியூப் போட்டு எடுத்துவிடுவார்கள்.

கால்: "உணர்வு வந்துடுச்சு, நானே பாத்ரூம் போறேன்" என்று எழுந்தால் விழ வாய்ப்பு அதிகம். பிரஷரும் இறங்கியிருக்கலாம். முதல்முறை நர்ஸ் துணையோடுதான் எழ வேண்டும்.

'நல்லா தூங்குறார்' என்று விட்டுவிடலாமா?

கூடாது. அரிதாக நடந்தாலும் பெரிய ஆபத்து இதுதான். மார்பின் மூச்சு வேகத்தைக் குறைக்கலாம். ஊசி போட்டவுடன் அல்ல, பல மணி நேரம் கழித்து, ராத்திரியில்கூட வரலாம். அதனால்தான் விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறார்கள். அதைக் கழற்றக் கூடாது. கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 10 தடவைக்கும் குறைவு, உதடு நீலம் என்றால் ஒரு நிமிடம்கூட தாமதிக்கக் கூடாது. இதை மாற்ற நலாக்ஸோன் என்ற மருந்து இருக்கிறது.

வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்க மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்கும் பழக்கம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஓரிரு நாள் கழித்து தலைவலி வந்தால்?

உட்கார்ந்தால் கூடுகிறது, படுத்தால் குறைகிறது என்றால் ஊசி துளை வழியாகத் திரவம் கசிவது காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் தண்ணீர், வலி மாத்திரை, ஓய்விலேயே சரியாகும். குறையாவிட்டால் நோயாளியின் ரத்தத்தையே சிறிது எடுத்து முதுகில் செலுத்தி கசிவை அடைக்கும் சிகிச்சை உண்டு. தலையணை இல்லாமல் படுத்தால் இந்தத் தலைவலி வராது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியவை

• உணர்வு திரும்பிய கால் மீண்டும் மரத்துப்போவது, பலம் இழப்பது
• மரப்பு குறையாமலே இருப்பது, தாங்க முடியாத முதுகு வலி
• சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது
• காய்ச்சலோடு கழுத்து இறுக்கம்

முதல் மூன்றும் தண்டுவடத்தின் அருகே ரத்தம் கட்டியதற்கான அறிகுறியாக இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். "காலையில டாக்டர் வரட்டும், சொல்லிக்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது.