100 இலைக்கு 20 பூச்சி

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில், ஊரூர் ஒல்காட் குப்பத்தை ஒட்டிய மணலில் சாயங்காலம் போடுகிற உருளைக்கிழங்கு பஜ்ஜிக்கான கிழங்கு எதுவும் சென்னையில் விளைவதில்லை. ஆக்ராவிலிருந்தும் கோலாரிலிருந்தும், மேட்டுப்பாளையம் மண்டி வழியாக நீலகிரியிலிருந்தும் கோயம்பேட்டுக்கு லாரியில் வந்து இறங்குகிறது. விலை ஏறினால் மழையைப் பேசுகிறோம், டீசலைப் பேசுகிறோம், பதுக்கலையும் பேசுகிறோம். இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டரே இருக்கும் ஒரு பச்சைப் பூச்சி மட்டும் அந்தப் பேச்சில் வருவதில்லை. அசுவினி என்பார்கள், செடிப்பேன் என்றும் சொல்வதுண்டு. இதை மருந்தடித்து ஒழித்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உருளைக்கிழங்கைப் பொறுத்தவரை அந்த நினைப்பு பாதிதான் சரி. அசுவினியைக் கொல்வதைவிட எண்ணுவதுதான் அதிகம் உதவியிருக்கிறது. நம் நாட்டு அனுபவமே அதற்குச் சாட்சி.

முதலில், இந்தப் பயிருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை? நெல்லைப்போல உருளைக்கிழங்கை வழக்கமாக விதை போட்டு வளர்ப்பதில்லை. போன போகத்துக் கிழங்கையே நடுகிறோம். செடியில் புகுந்த வைரஸ் கிழங்குக்கு இறங்கி, அடுத்த போகத்துக்கும் கூடவே வந்துவிடும். இலைச்சுருள் வைரஸ் கண்ட கிழங்கை நட்டால், அடியிலைகள் மேல்நோக்கிச் சுருண்டு தடித்து விறைத்துப்போகும், தொட்டால் காய்ந்த தாள்போலச் சரசரக்கும். 'ஒய்' வைரஸ் வந்தால் இலையில் தேமல் படர்ந்து செடி குறுகிவிடும். இப்படிப் போகத்துக்குப் போகம் நோய் ஏறி, விளைச்சல் இறங்கிக்கொண்டே வரும். மண்ணில் சத்துப் போய்விட்டது என்று உரத்தைக் கூட்டுகிற விவசாயியின் கையிலேயே, விதைக்கிழங்குக்குள், நோய் இருக்கிறது. இலைச்சுருள் நோயை அசுவினிதான் பரப்புகிறது என்பது நெதர்லாந்தில் 1920 வாக்கிலேயே தெளிவாகிவிட்டது.

அப்படியானால் மருந்தடித்தால் என்ன? நியாயமான கேள்விதான். பதில், எந்த வைரஸ் என்பதைப் பொறுத்தது. இலைச்சுருள் வைரஸை எடுத்துக்கொள்ள அசுவினி ஒரே செடியில் நெடுநேரம் உட்கார்ந்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிய வைரஸ் பூச்சியின் உடலுக்குள் சுற்றி எச்சிலுக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதற்குள் மருந்து பூச்சியைக் கொன்றுவிடும், அதனால் இங்கே மருந்து பயன்படுகிறது. 'ஒய்' வைரஸ் வேறு வகை. அது பூச்சியின் ஊசிவாயின் நுனியிலேயே ஒட்டிக்கொள்கிறது. இந்தச் செடியில் சில விநாடி குத்திப் பார்த்து, அடுத்த செடியில் சில விநாடி குத்தினால் போதும், நோய் மாறிவிடும். எவ்வளவு கடுமையான மருந்தும் அத்தனை வேகமாக வேலை செய்யாது. பூச்சி சாகும், ஆனால் வேலையை முடித்துவிட்டுத்தான் சாகும். இதில் கனிம எண்ணெய்த் தெளிப்பு ஓரளவு கைகொடுக்கிறது, வைரஸ் ஊசிவாயில் ஒட்டுவதை அது கெடுக்கிறது. தவிர, உலகிலேயே அதிக மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற பூச்சிகளில் இந்தப் பச்சை அசுவினியும் ஒன்று.

இந்தியா இதற்குக் கண்ட வழி வேறு. வெகுகாலம் நல்ல விதைக்கிழங்கு மலையில்தான் கிடைக்கும் என்று நம்பினார்கள். மலைக் குளிரில் அசுவினி குறைவு என்பது உண்மை. ஆனால் சிம்லா மலையில் செப்டம்பர், அக்டோபரில் தோண்டிய கிழங்கு, சமவெளியில் நடவு தொடங்கும் அக்டோபரில் இன்னும் உறக்கம் கலையாமல், முளைவிடாமல் கிடக்கும். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1949-ல் பாட்னாவில் தொடங்கி 1956-ல் சிம்லாவுக்கு மாறியது. அங்கே பணியாற்றிய புஷ்கர்நாத் பஞ்சாப், உத்தரப் பிரதேசச் சமவெளிகளில் பூச்சி எந்த மாதத்தில் எத்தனை என்ற கணக்கை வைத்து யோசித்தார். அக்டோபர் முதல் டிசம்பர் கடைசி வரை அங்கே அசுவினி மிகக் குறைவு, ஜனவரியில் கிடுகிடுவென ஏறும். எனவே அக்டோபர் நடுவுக்குள் நட்டு, நோயுற்ற செடிகளைக் கிழங்கோடு பிடுங்கி எறிந்து, பூச்சி பெருகும் முன்பே தழையை வெட்டிவிட வேண்டும். இலை இல்லையென்றால் பூச்சிக்கும் வேலை இல்லை, வைரஸ் கிழங்குக்கு இறங்கவும் வழி இல்லை. கிழங்கு இன்னும் இரண்டு, மூன்று வாரம் மண்ணிலேயே தோல் முற்றிக் கிடக்கும், பிறகு குளிர்பதனக் கிடங்கு. 1950களின் பிற்பகுதியில் உருவான இந்த 'சீட் பிளாட்' முறைதான் விதை உற்பத்தியை மலையிலிருந்து சமவெளிக்கு இறக்கியது.

வெட்டும் நாளைச் சொல்வது எண்ணிக்கைதான். வயலில் ஆங்காங்கே 33 செடிகளில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என இலைகளைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஏறக்குறைய 100 கூட்டிலைகள். அவற்றில் பூச்சி 20-ஐ எட்டினால் தழை போக வேண்டும். அடியிலையைத் தவறவிடக் கூடாது, இந்தப் பூச்சிக்குப் பிடித்த இடமே அதுதான். ஐந்து இலைக்கு ஒரு பூச்சி என்றால் பயிர் பார்க்கப் பச்சென்றே இருக்கும். நன்றாக இருக்கிற செடியை ஏன் வெட்ட வேண்டும், விளைச்சல் போகுமே என்று விவசாயி தயங்குவது இயல்பு. விளைச்சல் குறையத்தான் செய்யும், மறைப்பதற்கில்லை. ஆனால் விதைக்குக் கேட்கப்படுவது பெரிய கிழங்கு அல்ல, நடுத்தரக் கிழங்கு. அதற்கு விலையும் அதிகம். ஊரூர் குப்பத்து மீனவர் படகை இறக்கும் முன் காற்றையும் நீரோட்டத்தையும் பார்க்கிறார். காற்றை அவர் மாற்ற முடியாது, போகிற நேரத்தை மாற்றலாம். காற்றில் வரும் அசுவினியிடம் விதை விவசாயிக்கும் இருக்கும் பிடி அவ்வளவுதான். வெட்டிய தண்டு மறுபடி துளிர்த்தால் அதையும் உடனே அழிக்க வேண்டும், இளந்துளிர் என்றால் அசுவினி தேடி வரும்.

இலையை எண்ணுவதிலும் ஓட்டை உண்டு. கடுகு அசுவினி போன்றவை உருளைக்கிழங்கில் குடியிருப்பதில்லை. போகிற போக்கில் இறங்கிக் குத்திப் பார்த்துவிட்டுப் பறந்துவிடும். 'ஒய்' வைரஸுக்கு அந்த ஒரு குத்து போதும், இலைக் கணக்கிலோ அது விழாது. அதனால்தான் மஞ்சள் நிறத் தட்டில் தண்ணீர் ஊற்றி வயலில் வைக்கிறார்கள். பறக்கும் அசுவினி மஞ்சளைக் கண்டால் இறங்கும். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் நிலையம் 1964 முதல் 12.2 மீட்டர் உயரக் குழாய்களால் காற்றையே உறிஞ்சிப் பூச்சிகளைக் கணக்கெடுக்கிறது.

திசு வளர்ப்பும், மண்ணில்லாமல் வேரை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கிழங்கு எடுக்கும் முறையும் வந்துவிட்டனவே, இனி எண்ணுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. வலைக்கூடத்தில் பிறக்கிற அந்தச் சுத்தமான குறுங்கிழங்கும், விவசாயி கைக்குப் போய்ச் சேரும் அளவுக்குப் பெருக, சில போகம் திறந்த வயலுக்கு வந்தே ஆக வேண்டும். அங்கே அதே அசுவினி காத்திருக்கிறது. சரி, முன்கூட்டியே நட்டுவிடலாம் என்றால், வெயில் தணியாத செப்டம்பரில் வெள்ளை ஈ வேறொரு இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டுவருகிறது. இரண்டு பூச்சிகளுக்கும் நடுவிலுள்ள இந்தக் குறுகிய இடைவெளியில்தான் வட இந்தியாவின் விதை உற்பத்தி நடக்கிறது. குளிர்காலம் சூடேறினால் அது இன்னும் சுருங்கும். அப்போது பழைய காலண்டரை நம்ப முடியாது, அந்தந்த ஆண்டின் எண்ணிக்கையைத்தான் நம்ப வேண்டும்.

இது வடக்கின் கவலை மட்டுமல்ல. கர்நாடகத்தின் ஹாசன் விவசாயிகள் ஆண்டுதோறும் பஞ்சாப் விதைக்கிழங்கை வாங்கி நடுகிறார்கள். நீலகிரியின் நிலையோ இன்னும் சிக்கல். கோடை, கார், நீர்ப் போகம் என்று ஆண்டு முழுதும் ஏதாவது ஒரு வயலில் உருளைக்கிழங்கு நிற்பதால் அசுவினிக்கு அங்கே பட்டினிக் காலமே இல்லை. கூடவே 1961-ல் ஊட்டிப் பக்கம் கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழுவும் இருக்கிறது. அதனால் அங்கேயே சுத்தமான விதை எடுப்பது கடினம், வெளியிலிருந்து விதை வாங்கினாலோ நோயும் மூட்டையோடு வரலாம். கடலோரத்துக்கு அலை உயரத்தை ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையத்திலிருந்து முன்கூட்டியே சொல்ல முடிகிற நாட்டில், எந்த வட்டாரத்தில் 100 இலைக்கு எத்தனை அசுவினி என்பதை வாரந்தோறும் விவசாயியின் கைப்பேசிக்கு அனுப்புவது பெரிய காரியமல்ல. அது வரும்வரை, விதைக்கிழங்கு வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் வியாபாரியிடம் ஒன்று கேளுங்கள்: இந்த வயலில் தழை வெட்டிய தேதி என்ன?