பதினெட்டு இடங்கள், யாருக்கு எத்தனை?

2024 ஆகஸ்டில் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களின் ஈராண்டுக் காலம் 2026 ஆகஸ்டுடன் முடிகிறது. புதுக் குழு பற்றிய பேச்சு எழுந்ததுமே செங்கம், போளூர், தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து வாசகர் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பாதிப்பேர் இதையும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் ஒன்றாக நினைத்து எழுதியிருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. இது கல்வி உரிமைச் சட்டம் கட்டாயமாக்கிய குழு. மீதிப்பேரின் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எங்கள் தெருவிலிருந்து ஒருவரைக்கூடச் சேர்க்காமல் குழு அமைத்தால் அது செல்லுமா?

செல்லாது என்று சொல்லத்தான் ஆசை. சட்டத்தைப் படித்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர் இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்கள். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு, நலிவடைந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாச்சாரப்படி இடம். தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேராக இருந்த குழு 2024-ல் 24 பேராகியது. முக்கால் பங்கு என்றால் 18 பெற்றோர்.

முதல் இரண்டு நிபந்தனைகளை எண்ணிப் பார்த்துவிடலாம். சிக்கல் மூன்றாவதில். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் யார் என்பதற்கு அதே சட்டத்தின் 2-வது பிரிவு விளக்கம் தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், சமூகரீதியாகவும் கல்விரீதியாகவும் பின்தங்கிய வகுப்பினர் எல்லோரும் அதில் அடக்கம். 2012 திருத்தத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளும் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதரவற்றோர், எச்.ஐ.வி. பாதிக்கப்பட்டோர், திருநர், துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகள் என்று பட்டியல் நீள்கிறது. தனியார் பள்ளிகளில் 25 சதவீத ஒதுக்கீட்டுச் சேர்க்கைக்கு இவ்வளவு அகலமான வலை நல்லதுதான். பிரதிநிதித்துவத்துக்கு அதே வலையை வீசும்போதுதான் வினை.

நம் மாவட்டத்து ஊர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பள்ளியில் 120 பிள்ளைகள்: மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 60, ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 15, இருளர் 5. சட்டத்தின் கண்ணில் 120 பேருமே வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர். 18 இடங்களும் ஊர்த் தெருவுக்கே போனாலும் அந்த நிபந்தனை நூற்றுக்கு நூறு நிறைவேறிவிட்டதாகத் தாளில் காட்டலாம். அதே 18 இடங்களைப் பிரிவுவாரியாகப் பகிர்ந்தால் ஒன்பது, ஆறு, இரண்டேகால், முக்கால் என்று வரும். அந்த முக்காலை ஒன்றாக்குவதா, சுழியாக்குவதா என்பதில் இருக்கிறது இருளர் குடும்பத்தின் இடம்.

ஊராட்சியில் இந்த ஓட்டை கிடையாது. அங்கே ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்பத் தனித்தனியாக இடம் ஒதுக்கியாக வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 243டி பிரிவு. பள்ளிக் குழுவில் அந்தப் பிரிப்பை நாடாளுமன்றம் செய்யவில்லை. அரசாணைக்கும் சுற்றறிக்கைக்கும் விட்டுவிட்டது. சுற்றறிக்கை சட்டம் ஆகாது. இன்று வரும், நாளை மாறும்.

தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில் ஆதிதிராவிடர்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாகச் சென்றது 2023 ஜனவரி 30-ல்தான். அதுவும் மாவட்ட நிர்வாகமும் போலீசும் கூடவே நிற்க. அப்படிப்பட்ட மாவட்டத்தில், பெற்றோர் கூட்டத்தில் மட்டும் எல்லோரும் தெருவை மறந்துவிட்டுக் கைதூக்குவார்கள் என்று அதிகாரிகள் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், நம்ப வேண்டியதில்லை.

இந்தக் குழுவில் அப்படியென்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் 2022-ஐ நினைத்துப் பார்க்கலாம். காலியாக இருந்த 13,331 ஆசிரியர் பணியிடங்களை மாதம் 7,500 முதல் 12,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் இந்தக் குழுக்கள் வழியாகவே நிரப்பச் சொன்னது அரசு. உள்ளூர்ச் செல்வாக்கு புகும், இடஒதுக்கீடு காற்றில் போகும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடையும் விதித்தது. வேலை கொடுக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சின்ன விஷயமல்ல.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு விவாதமும் ஓடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்றது. நெற்றிக் குறியைப் பற்றியும் பேசியதால் பாஜக கொதித்தது. கயிறு பற்றிய சுற்றறிக்கை 2019-லேயே வந்தது. அன்றைய பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன் தனக்குத் தெரியாமல் வந்தது என்று கைகழுவிவிட்டார். விபூதி இல்லாத நெற்றியை அபூர்வமாகவே பார்க்கக்கூடிய நம் ஊரிலும் சண்டை நெற்றியிலும் மணிக்கட்டிலுமே நின்றுவிட்டது. குழுவில் யாருக்கு எத்தனை இடம் என்பதைப் பற்றி இரு தரப்பும் வாய் திறக்கவில்லை.

பதிவேட்டில் சாதி தெரியக்கூடாது. குழுவிலோ சாதிவாரியாக இடம் வேண்டும். இரண்டும் நியாயம்தான். ஆனால் சேர்த்து வைத்தால், எண்ணிக்கை தலைமையாசிரியரின் கணினியில் மட்டும் இருக்கும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குத் தெரியாது. விகிதம் சரியா என்று அவர் எதை வைத்துக் கேட்பார்? இதற்குச் செலவில்லாத வழி உண்டு. பெயர் எதுவும் இல்லாமல், பிரிவுவாரி மாணவர் எண்ணிக்கையை மட்டும் தேர்வுக்கு முன் கரும்பலகையில் எழுதிப்போடுவது. அதற்கு நேரே ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை இடம் என்று எழுதி, அதையும் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றுவது. எந்தப் பிள்ளையையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, கணக்கும் மறையாது. கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதை எழுத்துமூலம் கேட்கலாம். வேலைக்குப் போயிருக்கும் தாய்மாரிடம் சாயங்காலம் வீடு தேடி நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்துக்கும் அதோடு ஒரு முடிவு வரட்டும்.

மற்ற கேள்விகள்:

வார்டு உறுப்பினர் குழுத் தலைவர் ஆகலாமா? பெற்றோர் உறுப்பினர்களில் ஒருவர்தான் தலைவர்.

பெண்கள் எத்தனை பேர்? 24-ல் குறைந்தது 12.

முன்னாள் மாணவர்களுக்கு இடம் உண்டா? உண்டு, 2024 முதல்.

தீர்மானங்களைப் பார்க்க முடியுமா? பெற்றோர் செயலியில் பதிவேற்ற வேண்டும். பதிவேற்றினார்களா என்று கேளுங்கள்.

சிறுபான்மையினர் நடத்தும் உதவிபெறும் பள்ளியில்? உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புக்குப் பிறகு அங்கே கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது.

உதவிபெறாத தனியார் பள்ளிக்கு? 21-வது பிரிவு பொருந்தாது. சிறுபான்மைப் பள்ளிகள் தவிர மற்றவை 25 சதவீத இடம் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு நிர்வாகத்தில் ஒரு நாற்காலிகூடப் போட வேண்டியதில்லை.