வினைவேகத்தைத் தீர்மானிப்பது எது? – கல்பாக்கத்தின் திரவச் சோடியத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: வினைவேகம், கிளர்வு ஆற்றல், விரவல், திரவச் சோடியம், கல்பாக்கம்

முன்னுரை

ஒரு வேதிவினை நிகழக்கூடியதா என்பதை வெப்ப இயக்கவியல் கூறும். எவ்வளவு விரைவில் நிகழும் என்பதை வேகவியல் கூறும். வினைபடுபொருளின் இயல்பு, செறிவு, வெப்பநிலை, புறப்பரப்பு, வினையூக்கி ஆகியவற்றை வினைவேகக் காரணிகளாக அறிமுக நூல்கள் பட்டியலிடுகின்றன. இக்காரணிகள் எல்லாச் சூழலிலும் ஒரே அளவில் செயல்படுவதில்லை. இதனைக் கல்பாக்கம் ஈனுலைகளின் திரவச் சோடியத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈனுலைகளும் சோடியமும்

இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அதிவேகச் சோதனை ஈனுலையில் 1985 அக்டோபர் 18 அன்று தொடர்வினை முதன்முதலாக நிலைபெற்றது. இதன் குளிர்விப்பான் திரவச் சோடியமாகும். அது ஏறத்தாழ 98° செ. வெப்பநிலையில் உருகி, 883° செ. அளவிலேயே கொதிப்பதால், உயர் அழுத்தமின்றி வெப்பத்தைக் கடத்துகிறது. அவ்வளாகத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில், சோடியம் 397° செ. அளவில் உலையகத்துள் நுழைந்து 547° செ. அளவில் வெளியேறுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது.

‘இருமடங்கு’ விதியின் எல்லை

வெப்பநிலை 10° உயர்ந்தால் வினைவேகம் இருமடங்காகும் என்பது வகுப்பறையில் வழங்கும் விதி. கிளர்வு ஆற்றல் 53 கிலோஜூல்/மோல் கொண்ட ஒரு வினையை எடுத்துக்கொள்வோமாயின், அர்ஹீனியஸ் சமன்பாட்டின்படி 300 கெல்வினிலிருந்து 310 கெல்வினுக்கு உயரும்போது வேக மாறிலி ஏறத்தாழ 2 மடங்காகிறது. அதே வினையில் 800 கெல்வினிலிருந்து 810 கெல்வினுக்கு உயர்ந்தால் அது சுமார் 10 விழுக்காடு மட்டுமே கூடுகிறது. எனவே, இவ்விதி அறை வெப்பநிலையை ஒட்டிய தோராயமேயன்றிப் பொதுவிதியன்று.

மெதுவான படியே வேகத்தைத் தீர்மானிக்கிறது

சூடான சோடியம் காற்றில் கசிந்தால் தானே தீப்பற்றும். தேங்கிய சோடியத்தின் பரப்பில் வேதிமாற்றம் மிக விரைவானது. ஆக்சிஜன் அப்பரப்பை வந்தடைவதே மெதுவான படி. ஆகவே, எரியும் வேகத்தைக் கிளர்வு ஆற்றலைவிட ஆக்சிஜனின் விரவலே கட்டுப்படுத்துகிறது. அதே சோடியம் துளிகளாகச் சிதறினால் புறப்பரப்பு பெருகி, எரிதல் மேலும் விரைவாகிறது.

பாதுகாப்பு ஏற்பாடுகளும் இதனையே பின்பற்றுகின்றன. உலைக்கலனில் சோடியத்தின் மேல் ஆர்கான் வாயு நிரப்பப்படுகிறது. கசியும் சோடியத்தைக் காற்றுப்படும் பரப்பு குறையுமாறு தேக்கக் கசிவுச் சேகரிப்புத் தட்டுகள் உருவாக்கப்பட்டுள்ளன. கருவிகளில் ஒட்டிய சோடியத்தை நீக்கும்போது நீராவியைக் கார்பன் டைஆக்சைடு போன்ற வாயுவில் குறைந்த செறிவில் கலந்து செலுத்துவர். இங்கு வினையின் கடிவாளம் செறிவாகும்.

நீராவியாக்கியின் குழாய்ச்சுவர் வழியே நீர் சோடியத்துள் கசிந்தால் ஹைட்ரஜன் உருவாகிறது. அரிக்கும் வினைபொருள்கள் சிறு துளையை விரிவாக்குவதுடன், அருகிலுள்ள குழாய்களையும் சிதைக்கக்கூடும். ஆதலால் சோடியத்தில் கரைந்த ஹைட்ரஜனை உணரும் கருவிகள் கசிவைத் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டியுள்ளது. வினையைத் தடுக்க இயலாத இடத்தில், அது பெருகுமுன் கிடைக்கும் காலமே பாதுகாப்பாகிறது.

முடிவுரை

காரணிகளை மனனம் செய்விப்பதைவிட, ‘இச்சூழலில் மெதுவான படி எது?’ என்று வினவப் பயிற்றுவிப்பதே வேகவியல் கற்பித்தலுக்கு உகந்தது. அப்படியை அறிந்தபின்னரே எந்தக் காரணியை மாற்றினால் வினை கட்டுக்குள் வரும் என்பது தெளிவாகும்.