ஒட்டகச் சவாரிக்கு பிளான் போடுறீங்களா? வில்லியனூர், பாகூர் குடும்பங்கள் கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

ராஜஸ்தான் டூர் என்று வீட்டில் பேச்சு எடுத்ததுமே பிள்ளைகளிடம் இருந்து வரும் முதல் குரல், "ஒட்டகத்துல ஏறணும்!" என்பதுதான். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஏரியும் நெல்வயலும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி என்பது பெரிய கனவு.

ஆனால் ரயில் டிக்கெட்டுக்கும் ரூமுக்கும் மாதக்கணக்கில் யோசிக்கும் குடும்பங்கள், சவாரியை மட்டும் "அங்க போய் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் மொத்த டூரிலும் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய விஷயம் அதுதான். ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஒரு விலங்கின் முதுகில் இருந்து தாத்தாவோ குழந்தையோ தவறி விழுந்தால், சுற்றுலா அங்கேயே முடிந்துவிடும். எங்கே போகலாம், எப்போது போகலாம், எதைக் கவனிக்கணும்? பார்க்கலாம்.

நம்ம ஊரில் ஏன் ஒட்டகம் இல்லை?

ஒட்டகம் தமிழர்களுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வருகிறது. அங்கே அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைகள், படுத்துத் தூங்கும் ஒட்டகம் போல இருந்ததாக அந்தப் பாட்டு சொல்கிறது. அந்த எயிற்பட்டினம், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

ஆனாலும் இந்த மண் ஒட்டகத்துக்கு ஏற்றதல்ல. புதுச்சேரியில் ஆண்டுக்கு சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சல்மேரில் அது சுமார் 200 மில்லிமீட்டர்தான். ஒட்டகத்தின் அகன்ற, மெத்தை போன்ற பாதம் மணலில் புதையாமல் நடப்பதற்கானது. பாகூர் வயல் வரப்புச் சேற்றில் அது வழுக்கும். ஈரமும் ஈயும் அதிகமுள்ள இடங்களில், ரத்தம் குடிக்கும் ஈக்கள் பரப்பும் 'சுர்ரா' என்ற நோயும் ஒட்டகங்களைத் தாக்கும். அதனால் நல்ல சவாரி வேண்டும் என்றால் அதன் சொந்த மண்ணுக்குப் போவதே சரி.

எங்கே போகலாம்?

அதிகம் பேர் போவது ஜெய்சல்மேர். ஊரில் இருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் 'சாம்' மணல்மேடுகள் இருக்கின்றன. கூடாரங்கள், ஜீப்புகள், பாட்டு, நடனம் என எப்போதும் கூட்டம்தான். கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு தென்மேற்கில் 'குரி' கிராமம் இருக்கிறது. இதுவும் ஏறக்குறைய அதே தூரம்தான்.

பிள்ளைகளுக்கு ஒட்டகத்தைப் பற்றிச் சொல்லியும் கொடுக்கணும் என்றால் பிகானேர் நல்ல தேர்வு. 1984-ல் தொடங்கப்பட்ட தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். ஒட்டகப் பாலில் செய்த ஐஸ்கிரீமும் கிடைக்கும்.

புதுச்சேரியில் இருந்து புதுடெல்லிக்கு வாராந்திர எக்ஸ்பிரஸ் இருக்கிறது. டெல்லியில் ரயில் மாறி ஜெய்சல்மேர் போகலாம். சென்னை வழியாகப் போனால் ஜோத்பூருக்கு நேரடி ரயில். அங்கிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர். எப்படிப் போனாலும் ஒரு பக்கத்துக்கே இரண்டு இரவுகள் ரயிலில் கழியும். அதனால் போய் இறங்கிய அன்றே சவாரி வேண்டாம். முதுகு வலியோடு ஏறினால் வலிதான் கூடும்.

எப்போது போகலாம்?

பெரும்பாலான குடும்பங்களுக்கு லீவு கிடைப்பது மே மாதத்தில். ஆனால் ஜெய்சல்மேருக்கு அதுதான் மோசமான மாதம். வெயில் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் டிசம்பர் கடைசி விடுமுறை தோதாக இருக்கும். சம்பா அறுவடை இருக்கும் விவசாயக் குடும்பங்கள், வேலையை முடித்துவிட்டு மாசியில் கிளம்பலாம்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஜெய்சல்மேர் நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கிறது. ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்க ஏறக்குறைய ஏழரை மணி ஆகிவிடும். நம்ம ஊர் கணக்கில் "காலை 6 மணிக்கு சவாரி" என்று புக் செய்தால் இருட்டில்தான் உட்கார வேண்டியிருக்கும். ராத்திரியில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே போகும் என்பதால் ஸ்வெட்டர் கட்டாயம்.

எத்தனை நேரம் சவாரி?

முதல் தடவை ஏறுபவர்களுக்கு அரை மணி நேரம் போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். காரணம் ஒட்டகத்தின் நடை. அது ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எடுத்து வைக்கும். அதனால் மேலே இருப்பவர் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருப்பார். பழக்கமில்லாத தொடையும் இடுப்பும் சீக்கிரமே வலிக்கத் தொடங்கும்.

ஒட்டகம் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் நடக்கும். "ஒரு மணி நேர சவாரி" என்று பணம் வாங்கிவிட்டு ஒரு கிலோமீட்டரில் இறக்கிவிட்டால், கணக்கு இடிக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு ஒட்டகத்தில் எத்தனை பேர்?

இதற்குச் சட்டத்திலேயே வழிகாட்டல் இருக்கிறது. 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டத்தின் கீழ், வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்காக 1965-ல் விதிகள் கொண்டுவரப்பட்டன. அதன்படி ஒட்டகத்தின் மீது ஏற்றக்கூடிய அதிகபட்ச சுமை 250 கிலோ. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரிக்கு மேல் இருந்தால் பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே வாங்கக் கூடாது.

இதை வீட்டுக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். அப்பா 85 கிலோ, அம்மா 70, பிள்ளைகள் 40, 30 என்றால் மொத்தம் 225 கிலோ. சேணம், மெத்தை, பை எல்லாம் சேர்த்தால் எல்லையைத் தொட்டுவிடும். "நாலு பேரும் ஒரே ஒட்டகத்துல உட்காருங்க, காசு மிச்சம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்வதே நல்லது. ஒரு பெரியவர், ஒரு குழந்தை என்று இரண்டு ஒட்டகங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஏறும் முன் எதைப் பார்க்கணும்?

ஒட்டகத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

• நொண்டுகிறதா? சேணத்தின் ஓரத்தில் புண் தெரிகிறதா?

• மூக்காணி போட்ட இடத்தில் ரத்தமோ சீழோ இருக்கிறதா?

• ஓட்டுபவர் கையில் ஆணி வைத்த குச்சி இருக்கிறதா? குத்திக் காயப்படுத்தும் கருவிகளையும் 1965 விதிகள் தடை செய்கின்றன.

• வாயில் நுரை தள்ளுகிறதா? வாய் ஓரத்தில் இளஞ்சிவப்பு பலூன் போல ஏதாவது தொங்குகிறதா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். குளிர்காலம் ஒட்டகங்களின் இனப்பெருக்கக் காலம். அப்போது ஆண் ஒட்டகம் மேலண்ணத்தின் மென்பகுதியை ஊதி வெளியே தள்ளி, 'களகள'வென்று சத்தம் போடும். அந்த நேரத்தில் அதற்குக் கோபம் அதிகம், கடிக்கவும் செய்யும். டூரிஸ்ட் சீசனும் இதே மாதங்களில்தான் என்பதால், இப்படி ஒரு ஒட்டகத்தைப் பார்த்தால் கிட்டே நின்று செல்ஃபி எடுக்காமல் வேறு ஒட்டகம் கேட்பது நல்லது.

ஏறும் நொடியும் இறங்கும் நொடியும்

சவாரியில் கவனம் தவறவே கூடாத நேரம், ஒட்டகம் எழும்போதும் உட்காரும்போதும்தான். படுத்திருக்கும் ஒட்டகம் முதலில் பின்னங்கால்களைத்தான் முழுதாக நிமிர்த்தும். மேலே இருப்பவர் சட்டென முன்பக்கம் சாய்வார். உட்காரும்போது முன்னங்கால்களை முதலில் மடக்கும். அப்போதும் முன்பக்கமே தள்ளும்.

இரண்டுக்கும் ஒரே வழிதான். இரண்டு கைகளாலும் சேணத்தின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்க்கணும். கையில் போன் இருக்கவே கூடாது. வீடியோ எடுக்க வேண்டுமென்றால் கீழே நிற்பவர் எடுக்கட்டும். பறக்கும் துப்பட்டா, சேலைத் தலைப்பு இரண்டையும் செருகிக்கொள்ளணும். சைக்கிள் ஹெல்மெட் இருந்தால் பிள்ளைகளுக்குப் போட்டுவிடலாம்.

கர்ப்பிணிகள், முதுகுத்தண்டு பிரச்சனை உள்ளவர்கள், இடுப்பு, மூட்டு ஆபரேஷன் செய்தவர்கள், எலும்பு தேய்மானம் உள்ள பெரியவர்கள் சவாரியைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. அவர்களுக்காகவே ராஜஸ்தானில் ஒட்டக வண்டி இருக்கிறது. தாத்தா பாட்டி அதில் ஜம்மென்று உட்கார்ந்து வரலாம்.

காசு விஷயத்தில் ஏமாறாமல் இருக்க...

கூடாரங்களில் தங்கினால் பேக்கேஜிலேயே சவாரி சேர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சில நிமிட சவாரிதான். பணம் கட்டும் முன் நாலு கேள்விகள் கேட்கணும். கட்டணம் ஆளுக்கா, ஒட்டகத்துக்கா? எத்தனை நிமிடம்? எங்கிருந்து எங்கே வரை? போட்டோவுக்கும் திரும்பி வருவதற்கும் தனிக் காசா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொண்டால் அங்கே போய் வாக்குவாதம் வராது. ஜெய்சல்மேர் எல்லை மாவட்டம் என்பதால் அடையாள அட்டையும் கையில் இருக்கணும்.

முடிந்தால் டிப்ஸை ஒட்டகக்காரர் கையிலேயே கொடுக்கலாம். 2012-ல் நாட்டில் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள், 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 2.5 லட்சமாகக் குறைந்துவிட்டன. வண்டியும் டிராக்டரும் வந்தபிறகு ஒட்டகத்துக்கு வேலை குறைந்துவிட்டது. வளர்ப்பவர்களில் பலருக்கு இப்போது சுற்றுலா சீசன் வருமானம் பெரிய துணை.

ஊருக்கே ஒட்டகம் வந்தால்?

திருவிழா, பொருட்காட்சி நேரங்களில் ஒட்டகத்தோடு வந்து பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுபவர்களை நம்ம பக்கமும் பார்க்கலாம். அங்கேயும் இதே கேள்விகள்தான். தார் ரோடு கொதிக்கிறதா, ஒட்டகம் நொண்டுகிறதா, தண்ணீர் வைத்திருக்கிறார்களா, குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறதா? ஒன்றுக்குச் சரியான பதில் இல்லை என்றாலும் பிள்ளைகளுக்குத் தூரத்தில் இருந்து வேடிக்கை காட்டிவிட்டு வந்துவிடலாம்.

சவாரி நல்லபடியாக அமைவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது அல்ல. டிக்கெட் போடும் அன்றே மாதம், நேரம், எடை, யார் ஏறுவது, யார் வண்டியில் வருவது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி பாதி, ஒட்டகம் எழுந்து நிற்கும் அந்தச் சில நொடிகள் இறுக்கிப் பிடித்துக்கொள்வதுதான்.